பாரிஸ் மாநகரில் ஒரு மொரொக்கோ விருந்து

வெளிநாடு சென்று திரும்புவோர் அங்கே கண்ட கோபுரங்களையும் மாளிகைகளையும் பற்றிப் பேசுவது வழக்கம். நாமும் சென்ற சித்திரை விடுமுறையில் பாரிஸ் மாநகரில் மூன்று வாரம் தங்கினோம். ஈபெல் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். லூவர் நூதனசாலையில் கால் நோக நடந்தோம். ஆயினும் ஊர் திரும்பியபின், "சேர், அங்கே எதைப் பார்த்தீர்கள்?" என்று மாணவர்கள் கேட்டபோது எமது வாயில் முதலில் வந்தது ஒரு சிறு சாப்பாட்டுக்கடையின் கதையே. அதுவும் பிரெஞ்சுக்காரரின் கடையன்று. மொரொக்கோ நாட்டவர் ஒருவர் நடத்தும் கடை. அக்கதையை வாசகர்களுக்கும் சொல்வதனால் பயனுண்டு என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

பத்து நிமிட நடை

எமது தம்பி பாரிஸிற் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அன்று வெள்ளிக்கிழமை. லாச்சப்பல் பகுதிக்கு அண்மையிலுள்ள பிள்ளையார் கோயிலில் மாலைப் பூசை கண்டு, நெற்றியில் திருநீற்றுடன் வெளியே வந்தோம். தம்பியும் அவர் மனைவியும் பதினாறு வயதுடைய எமது பெறாமகளும் உடன் வந்தனர். லாச்சப்பலைப் பற்றி நம்மவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. முருங்கைக்காயும் ஒடியல் மாவும் தொங்கும் வாழைக்குலையும் தமிழெழுத்துப் பலகைகளும் கண்ணிற் படும்போது, குளிர் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் யாழ்ப்பாணத்துக் கடைவீதியோ என்று மயங்கத் தோன்றும்.

"பெரியப்பா, இண்டைக்கு எங்கடை சாப்பாடு வேண்டாம். அப்பாவின்ரை சிநேகிதர் ஒருவரின்ரை கடைக்குப் போவம்," என்றாள் பெறாமகள்.

தலைக்கு மேலே இரும்புத் தூண்களில் மெத்ரோ புகையிரதம் ஓட, அதன் நிழலில் மேற்குத் திசையாக நடந்தோம். பத்து நிமிடம் சென்றிருக்காது. பெயர்ப்பலகைகளில் தமிழ் மறைந்து அரபு எழுத்துகள் தோன்றின. புதினாக் கட்டுகளையும் பேரீச்சம்பழத்தையும் குவித்து விற்கும் கடைகள் வந்தன. பார்பெஸ் என வழங்கும் பகுதி அது. வட ஆபிரிக்க மக்கள் பலர் நெடுங்காலமாக வாழ்ந்தும் வணிகஞ் செய்தும் வரும் இடம்.

மொரொக்கோ 1912ஆம் ஆண்டு முதல் 1956ஆம் ஆண்டு வரை பிரான்சின் பாதுகாப்பாட்சிக்குட்பட்டிருந்தது. சுதந்திரம் பெற்றபின், 1963இல் இரு நாடுகளும் தொழிலாளர் உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. அதன்பின் ஆயிரக்கணக்கான மொரொக்கோ இளைஞர்கள் பிரான்சின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளுக்கும் அழைத்து வரப்பட்டனர். நம்மவர் 1983இன் பின் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர். ஒருவர் உழைப்புக்காக அழைக்கப்பட்டவர். மற்றவர் உயிருக்கஞ்சி ஓடிவந்தவர். இரு சாராரும் ஒரே மெத்ரோப் பாதையின் அடுத்தடுத்த தரிப்புகளிற் கடை விரித்திருக்கிறார்கள்.

கேளாமலே வந்த விடை

பன்னிரண்டு மேசைகளுக்கு மேல் இல்லாத சிறிய போசனசாலை அது. சுவரின் கீழ்ப்பாதியில் நீலமும் பச்சையுமான சிறு ஓடுகள் விண்மீன் வடிவிற் பதிக்கப்பட்டிருந்தன. நாம் அமர்ந்ததும் இளைஞர் ஒருவர் பித்தளைச் செம்பும் தாலமும் கொண்டுவந்து, ஒவ்வொருவர் கையிலும் வெந்நீர் வார்த்துத் துவாய் நீட்டினார். கையாற் சாப்பிடும் வழக்கமுடைய எமக்கு, இருக்கையை விட்டெழாமலே கைகழுவக் கிடைத்த உபசாரம் பெருமகிழ்ச்சி தந்தது.

கடைக்காரர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். தம்பியைக் கண்டதும் கட்டித் தழுவினார். பின்னர் எமது நெற்றியை உற்று நோக்கிப் பிரெஞ்சு மொழியில் ஏதோ வினவினார். பெறாமகள் மொழிபெயர்த்தாள்: "இண்டைக்கு விரத நாளோ எண்டு கேக்கிறார்."

வெள்ளிக்கிழமைகளில் நாம் மச்சம் தொடுவதில்லை. தம்பி அதனை மறந்தே எம்மை அழைத்து வந்திருந்தார். உணவுப் பட்டியலிலோ மரக்கறிக் குஸ்குஸ் என்று ஒன்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. அதனைச் சுட்டி, "இது போதும்," என்றோம்.

கடைக்காரர் தலையசைத்தார். "மரக்கறி மரக்கறிதான், ஆனால் குழம்பு அப்படியன்று," என்றார். எல்லா மரக்கறிகளும் ஆட்டிறைச்சி வெந்த சாற்றிலேயே வேகின்றனவாம். குஸ்குஸ் அவிவதும் அந்தச் சாற்றின் ஆவியிலேதானாம். ஹரீரா என்ற பருப்புச் சூப்பிலும் இறைச்சித் துண்டுகள் உண்டாம். "தட்டில் இறைச்சி வைக்காவிட்டால் மரக்கறிச் சாப்பாடு என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். நீங்கள் அப்படி நினைக்கும் ஆள் அல்லர் போலத் தெரிகிறது. நாற்பது நிமிடம் பொறுப்பீர்களானால் புதுப் பானை வைக்கிறேன்," என்றார்.

அவர் வாய்திறவாதிருந்தால் நாம் அறிந்திருக்கப் போவதில்லை. பணமும் கொடுத்து நன்றியும் சொல்லி வந்திருப்போம். விருந்தோம்பலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தினரின் வயிற்றை நிரப்புவது அதில் ஒரு பகுதி; அவருடைய நம்பிக்கையைக் காப்பது மற்றொரு பகுதி என்பதை அன்று உணர்ந்தோம். மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பிறநாட்டு உணவுச்சாலைகளில் மரக்கறி உணவு வேண்டுவோர், சாறு எதிலிருந்து வடித்தது என்பதையும் கேட்டறிதல் நன்று.

குஸ்குஸும் நமது பிட்டும்

காத்திருந்த நேரத்தில் கடைக்காரர் எம்மைச் சமையலறைக்குள் அழைத்துச் சென்றார். அங்கே கண்ட காட்சி எம்மைத் திடுக்கிட வைத்தது. அகன்ற தாலமொன்றிற் கோதுமை ரவையைப் பரப்பி, நீர் தெளித்து, விரித்த விரல்களால் வட்டமாக உருட்டிக்கொண்டிருந்தார் ஓர் அம்மையார். ரவை திரண்டு சிறுமணிகளாயிற்று. அவற்றை அரிதட்டில் இட்டு அரித்தார். பெரும்பாலான கடைகளில் இப்போது பொதியில் வரும் குஸ்குஸையே பயன்படுத்துகின்றனராம். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இவ்வம்மையார் கையால் உருட்டுகின்றார்.

எமது தாயார் வறுத்த அரிசிமாவிற் கொதிநீர் வார்த்துக் குழைத்து, சுண்டினாற் கொத்திக் கொத்திப் பிட்டுக்கு மாவைப் பதப்படுத்தும் காட்சி அப்படியே கண்முன் வந்தது. உருண்ட மணிகளை அடியில் துளைகளுள்ள ஒரு பாத்திரத்தில் இட்டு, குழம்பு கொதிக்கும் பானையின் வாயில் அமர்த்தினர். இரண்டும் பொருந்தும் இடத்தில் ஆவி வெளியேறாதிருக்க நனைத்த துணி ஒன்றைச் சுற்றிக் கட்டினர். பானையின் மேல் நீற்றுப்பெட்டியை வைத்தால் நாமும் இதனைத்தானே செய்வோம்!

வேறுபாடுகளும் உண்டு. பிட்டை நாம் ஒருமுறை அவிப்போம். குஸ்குஸை இரண்டு அல்லது மூன்று முறை அவிக்கின்றனர். ஒவ்வொரு முறையும் இறக்கித் தாலத்திற் கொட்டி, கட்டிகளை உதிர்த்து, உப்புநீரும் சிறிது எண்ணெயும் தெளித்து மறுபடியும் ஆவியில் வைக்கின்றனர். அதனால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பஞ்சுபோல மலருகின்றன. நமது தேங்காய்ப்பூவுக்கு அங்கே இடமில்லை. மொரொக்கோவிற் குஸ்குஸ் வெள்ளிக்கிழமைக்குரிய உணவு. பள்ளிவாசலில் நண்பகற் றொழுகை முடிந்து வருவோர் குடும்பமாகச் சூழ்ந்திருந்து உண்பர். நாம் விரதம் காக்கும் அதே நாளில் அவர்கள் விருந்து வைக்கின்றனர்! 2020ஆம் ஆண்டில் அல்ஜீரியா, மொரித்தானியா, மொரொக்கோ, துனீசியா ஆகிய நான்கு நாடுகளும் கூட்டாக விண்ணப்பித்ததன் பேரில், குஸ்குஸ் ஆக்கும் அறிவையும் உண்ணும் வழக்கத்தையும் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. அரசியலிற் பிணங்கி நிற்கும் அயலவர்களும் ஒரு பானையின் பெயரால் ஒன்றாகக் கையெழுத்திட்டது சிந்திக்கத்தக்கது.

அடுப்பருகே மண்ணாலான தஜீன்கள் வரிசையாக இருந்தன. தஜீன் என்பது பாத்திரத்தின் பெயர். அதில் ஆகும் கறிக்கும் அதுவே பெயர். ஆழமில்லாத சட்டியின் மேல், கவிழ்த்த நீற்றுப்பெட்டி போன்ற கூம்பு மூடி. இளஞ்சூட்டில் வேகும்போது எழும் ஆவி கூம்பின் உட்புறத்திற் குளிர்ந்து நீர்த்துளியாகி மறுபடி சட்டிக்குள் விழுகின்றது. நீர் அருமையான நாட்டில், சிறிது நீரைக்கொண்டே கறியை வேகவைக்கும் உபாயம் இது. கோழிக்கறித் தஜீனில் ஊறவைத்த தேசிக்காயும் ஒலிவ்காயும் சேர்ப்பர் என்றார். தேசிக்காயை நான்காகக் கீறி உப்பு அடைத்துப் போத்தலில் ஊறவிட்டிருந்ததைக் காட்டினார். எமது ஊரிலும் இப்படித்தான் என்று பெறாமகள் மூலம் சொன்னோம். அவர் நம்பாமற் சிரித்தார்.

பொதுத் தட்டு

மேசைக்குத் திரும்பியதும் வட்ட ரொட்டியும் ஒலிவ்காயும் ஸாலூக் என்ற கத்தரிக்காய்ப் பதார்த்தமும் வந்தன. சுட்ட கத்தரிக்காயைத் தக்காளி, உள்ளி, நற்சீரகம், ஒலிவ் எண்ணெய் ஆகியவற்றோடு மசித்தது அது. உறைப்பு இல்லை, ஆனாற் சுவை உண்டு. மொரொக்கோச் சமையலில் வாசனைத் திரவியங்கள் ஏராளம். மிளகாயின் ஆட்சி மட்டும் குறைவு.

பின்னர் குஸ்குஸ் வந்தது. நான்கு தட்டுகளை எதிர்பார்த்திருந்தோம். வந்தது ஒரே தட்டு. வண்டிச் சில்லளவு அகன்ற மட்பாண்டத் தட்டில் குஸ்குஸ் குன்றாகக் குவிந்திருந்தது. அதன் சரிவுகளில் கரட், கோவா, பூசணி, கடலை முதலாக ஏழு வகை மரக்கறிகள் சாய்ந்து கிடந்தன. உச்சியிற் குழம்பு வார்க்கப்பட்டிருந்தது. கடைக்காரரும் கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு எம்முடன் அமர்ந்தார். எல்லோரும் வலக்கையை நீட்டினர்.

எமது கை நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதைச் சொல்ல, முப்பத்தைந்து ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டின் முற்பகுதி. எமக்கு வயது பத்து. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலிருந்து எமது வகுப்புக்கு வந்த தோழன் ஒருவன், தன் தமக்கையாரின் திருமணத்துக்கு எம்மை அழைத்தான். அங்கே பாயில் அறுவர் அறுவராக இருந்து, நடுவில் வைத்த ஒரே சஹனிலிருந்து உண்பது வழக்கம். தோழன் தன்னருகே எமக்கு இடம் விட்டிருந்தான். எச்சில் படும் தட்டிற் கைவைக்கக் கூடாதென்று வீட்டிலே பாட்டியார் சொல்லி அனுப்பியிருந்தார். வயிற்றுவலி என்று பொய் சொல்லிக் கையை இழுத்துக்கொண்டோம். தோழனின் தாயார் ஒன்றும் கூறாமல் உள்ளே சென்று, தனித்தட்டில் இரண்டு வாழைப்பழம் வைத்துக் கொண்டுவந்தார். தோழன் எம்மைப் பார்க்கவில்லை. சஹனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளியிற் பின்பும் பேசினோம், விளையாடினோம். ஆனால் அந்த வாழைப்பழத்தைப் பற்றி இருவரும் வாய்திறக்கவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் மாத இறுதியில், யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் மக்கள் அனைவரும் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் 70,000 பேரளவினர். மறுநாள் வகுப்பில் அவனுடைய இடம் வெறுமையாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லப் பிறகு சொல்லலாம் என்றிருந்த எமக்கு, அந்தப் பிறகு வரவேயில்லை.

பாரிஸ் மேசையில் எமது தயக்கத்தைத் தம்பி கண்டுகொண்டார், மெல்லச் சொன்னார்: "அண்ணா, நான் வந்த புதிசிலை இவரும் நானும் ஒரு கோப்பை கழுவுற இடத்திலைதான் வேலை செய்தனாங்கள். எனக்குப் பத்திரம் இல்லை, காசும் இல்லை. இரவு வேலை முடிய இவர் சட்டியிலை மிச்சம் இருக்கிறதை நடுவிலை வைப்பார். ரெண்டு பேரும் அதிலைதான் சாப்பிட்டனாங்கள். தனித்தட்டு கேட்டிருந்தால் நான் பட்டினிதான்."

இதற்குமேல் என்ன சொல்ல இருக்கிறது? கையை நீட்டினோம்.

பொதுத் தட்டுக்கும் ஒழுங்குமுறை உண்டு என்பதை உண்டபோதே கண்டோம். அவரவர் தமக்கு நேரே உள்ள பகுதியில் மட்டும் உண்கின்றனர். பிறர் பகுதிக்குக் கை செல்வதில்லை. வலக்கையின் பெருவிரலும் அடுத்த இரு விரல்களுமே தொழிற்படுகின்றன. நடுவிலுள்ள நல்ல துண்டுகளை வீட்டுக்காரர் விருந்தினர் பக்கமாகத் தள்ளிவிடுகிறார். எமது பக்கத்திற் பூசணித் துண்டுகள் குவிந்தவண்ணமே இருந்தன. குழம்பில் இஞ்சி, குங்குமப்பூ, மிளகு ஆகியவற்றின் மணம் எழுந்தது. குஸ்குஸை விரலால் உருண்டையாக்கி வாயிலிடக் கடைக்காரர் கற்றுத் தந்தார். பிட்டும் குழம்பும் உண்டு பழகிய விரல்களுக்கு அப்பாடம் அதிக நேரம் வேண்டியிருக்கவில்லை.

புத்தளத்துக்கு வந்த விருந்தினர்

உணவு முடிந்தபின் வட்டமாக அரிந்த தோடம்பழத் துண்டுகள் வந்தன. அவற்றின்மேற் கறுவாத்தூள் தூவப்பட்டிருந்தது. கறுவாவின் மணம் எழுந்ததும், "எமது நாட்டுப் பொருள்," என்றோம். கடைக்காரர் தாம் பிறந்த ஊர் தஞ்ஜியர் என்றும், தம் ஊரவர் ஒருவர் இலங்கைக்குச் சென்று கறுவாவைக் கண்டு எழுதியிருக்கிறார் என்றும் சொன்னார். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சரித்திரம் படித்தோர் அறிந்த இபுனு பதூதாதான்! அவ்வூரின் விமான நிலையத்துக்கும் இன்று அவர் பெயரே வழங்குகின்றது.

1304இல் தஞ்ஜியரிற் பிறந்த அவர், 1325இல் மக்கா யாத்திரைக்கெனப் புறப்பட்டு, ஏறத்தாழக் கால்நூற்றாண்டு உலகைச் சுற்றினார். 1344இல் மாலைதீவிலிருந்து கப்பலேறி இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கினார். அவர் குறிப்பிடும் ஊர் புத்தளம் என்றும், அங்கே அவரை வரவேற்ற மன்னன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி என்றும் சரித்திர ஆசிரியர்கள் கொள்வர். கரையெங்கும் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததை அவர் எழுதியிருக்கிறார். மன்னன் பாரசீக மொழி அறிந்தவன்; விருந்தினரை உபசரித்து, அவர் விரும்பியபடி பாவாதமலையைத் தரிசிக்கப் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்தனுப்பினான். அவ்வழித்துணையிற் பிராமணரும் யோகியரும் இருந்தனர். 1355இல் பேஸ் நகரிற் பூர்த்தியான அவருடைய பயண நூலில் இவையெல்லாம் பதிவாகியுள்ளன.

வேற்று நாட்டவர், வேற்றுச் சமயத்தவர் ஒருவரை யாழ்ப்பாணத்து அரசன் வரவேற்றது புத்தளத்தில். 1990இல் யாழ்ப்பாணம் விட்டுச் சென்ற முஸ்லிம் குடும்பங்களிற் பெரும்பாலானவை தஞ்சம் புகுந்ததும் அதே புத்தளத்தில். இலங்கைச் சோனகரைப் போர்த்துக்கேயர் 'மூரோ' என்று அழைத்ததும் மொரொக்கோப் பக்கத்து மக்களுக்கு அவர்கள் வழங்கிய பெயராலேயே. வகுப்பறையில் இவற்றையெல்லாம் தனித்தனிப் பாடங்களாகப் பலமுறை படிப்பித்திருக்கிறோம். தோடம்பழத் துண்டுக்கு முன்னால் இருந்தபோதுதான் அவை ஒன்றாகச் சேர்ந்தன.

தேநீரும் விடைபெறலும்

இறுதியிற் புதினாத் தேநீர் வந்தது. தேயிலை நாட்டிலிருந்து சென்ற எமக்குச் சீனத்துப் பச்சைத் தேயிலை! வெள்ளிக் கேத்தலில் தேயிலையும் புதினாக் கொத்தும் தாராளமாகச் சீனியும் இட்டு, கேத்தலை ஒரு முழ உயரத்துக்கு உயர்த்திச் சிறு கண்ணாடிக் குவளையில் நுரை எழ வார்த்தனர். நம் ஊர்த் தேநீர்க்கடையில் 'ஆத்தும்' வித்தையை அறிந்த எமக்கு அதுவும் அந்நியமாகத் தோன்றவில்லை. ஒரு குவளையுடன் எழுந்துவிடலாகாது. மூன்று குவளை அருந்துவதே மரியாதை என்று தம்பி காதோடு சொன்னார்.

கடைக்காரர் மரக்கறிச் சாப்பாட்டுக்குரிய பணத்தை மட்டும் வாங்கினார். புதுப் பானை வைத்ததற்கும் நாற்பது நிமிடத்துக்கும் கணக்கில்லை. வாசல்வரை வந்து எமது கையைப் பற்றினார். பின்னர் அக்கையைத் தம் நெஞ்சில் வைத்துக்கொண்டார். வழியிற் பெறாமகள் கேட்டாள்: "பெரியப்பா, அந்தச் சிநேகிதரை நீங்கள் பிறகு தேடேல்லையோ?"

உண்மையைச் சொல்வதானால், தேடவில்லை. போர் 2009இல் முடிந்தது. சோனகத் தெருவுக்குச் சில குடும்பங்கள் திரும்பியிருக்கின்றன. அவ்வழியே நாம் எத்தனையோ முறை சென்றிருந்தும் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. வெட்கமே காரணம். ஊர் திரும்பிய மறுவாரம் அங்கே சென்று கேட்டோம். பழைய கடைக்காரர் ஒருவர் குடும்பத்தை நினைவுகூர்ந்தார். தாயார் காலமாகிவிட்டாராம், தோழர் புத்தளத்திற் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறாராம். முகவரியும் தந்தார்.

கடிதம் எழுதினோம். பதில் வந்தது. நான்கே வரிகள், வயிற்றுவலி இப்போது எப்படி என்று அதிலொன்று. வருகின்ற தவணை விடுமுறையிற் புத்தளம் செல்ல எண்ணியிருக்கிறோம். அவர் சஹன் வைத்தால், நாமும் பாயில் அமர்ந்து கையை நீட்டுவோம்.